99.5 சதவீதம் தண்ணியும் மணலும்தானாம்!

ஷேல் கேஸ் பத்தி யார்கிட்ட பேச ஆரம்பிச்சாலும் மூணாவது நிமிஷத்துல இந்த வரி வந்து விழுந்துடும். "பாஸ், பூமிக்குள்ள விடறது 99.5 சதவீதம் தண்ணியும் மணலும்தான். மிச்சம் அரை சதவீதம்தான் கெமிக்கல். அதுவும் ஐஸ்க்ரீம்ல போடறதுதான்." சொல்றவர் பெரும்பாலும் நம்மளை மாதிரி இன்ஜினியரிங் படிச்சுட்டு பொட்டி தட்டுற ஆளா இருப்பார். கூடவே ஒரு உபரிக் கேள்வி வேற: "நீ மட்டும் கேஸ் அடுப்புல சமைக்கிறதில்லையா?"

சமைக்கிறேன் சாமி. (என் அடுப்புல எரியறது எல்பிஜி, மீத்தேன் இல்லங்கிறது வேற கதை.) அடுப்பு எரியணும்ங்கிறதுல எனக்கு எந்தச் சண்டையும் இல்ல. கணக்கு கேட்டா ஐஸ்க்ரீம் காட்டறாங்க பாருங்க, அதுலதான் சண்டை.

முதல்ல அந்த அரை சதவீதம். சதவீதக் கணக்குல இருக்கிற குசும்பே இதுதான். எதோட சதவீதம்னு சொல்லாம விட்டா எல்லாம் பூனைக்குட்டி மாதிரி சாதுவாத் தெரியும். பென்சில்வேனியாவுல ஒரு ஷேல் கிணத்தை ஃப்ராக்கிங் பண்ண சுமாரா ஒன்றரை கோடி லிட்டர் தண்ணி போகும். பக்கவாட்டுத் துளையோட நீளம் வருஷா வருஷம் கூடிட்டே போறதால இப்பல்லாம் அதைவிட நிறையவே போகுது. சென்னை மக்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, 12,000 லிட்டர் தண்ணி லாரியில 1,250 லோடு. அதுல அரை சதவீதம்னா 75,000 லிட்டர். ஆறு லாரி நிறைய கெமிக்கல், ஒரே ஒரு கிணத்துக்கு. ஒரே மேடையில எட்டு கிணறு போட்டா 6 லட்சம் லிட்டர், அம்பது லாரி. உங்க தெருமுனையில அம்பது டேங்கர் கெமிக்கல் வந்து நின்னா 'அரை சதவீதம்தானே'ன்னு சொல்லிட்டு தூங்கப் போவீங்களா?

ஐஸ்க்ரீம் விஷயம் பொய் இல்ல. அந்தக் கலவையை கொழகொழன்னு ஆக்கி மணலை மிதக்க வைக்கிறதுக்கு 'குவார் கம்'னு ஒரு கோந்து சேர்ப்பாங்க. அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம கொத்தவரங்காய் விதையில இருந்து எடுக்கிறது. டெக்ஸாஸ்ல துளை போட்ட வேகத்துல 2012-ல ராஜஸ்தான்ல கொத்தவரை விலை ராக்கெட் மாதிரி ஏறி, முன்பேர வணிகத்தையே நிறுத்தி வைக்க வேண்டியதா போச்சு. ஐஸ்க்ரீம்லயும் அது உண்டு. சரி, கொத்தவரங்காயைத் தவிர மிச்சம் என்ன?

2011 ஏப்ரல்ல அமெரிக்கக் கீழவையோட எரிசக்தி, வணிகக் குழுவுல இருந்த ஜனநாயகக் கட்சிக்காரங்க ஒரு அறிக்கை விட்டாங்க. 2005-ல இருந்து 2009 வரைக்கும் 14 கம்பெனிகள் என்னென்ன உள்ளே விட்டாங்கன்னு அவங்ககிட்டயே கேட்டு வாங்கின பட்டியல். 2,500-க்கு மேல தயாரிப்புகள், அதுக்குள்ள 750 வேதிப்பொருட்கள். உப்பு இருக்கு, சிட்ரிக் ஆசிட் இருக்கு, இன்ஸ்டன்ட் காபித்தூள் கூட இருக்கு (சத்தியமா!). பென்சீனும் ஈயமும் இருக்கு. புற்றுநோய் உண்டாக்கும்னோ, குடிநீர் அல்லது காற்று மாசுச் சட்டத்துல ஆபத்தானதுன்னோ ஏற்கெனவே பட்டியல் போட்டு வெச்சிருக்கிற பொருள் மட்டும் 29. இதுல எனக்குப் பகீர்னு இருந்தது வேற ஒரு வரி. பல கம்பெனிகளுக்கு அவங்க உள்ள விடறதுல என்ன இருக்குன்னு அவங்களுக்கே தெரியல. வேற ஒருத்தன் கிட்ட வாங்கின கலவை, அவன் 'தொழில் ரகசியம்'னு சொல்லிட்டான், இவங்களும் வாங்கி ஊத்திட்டாங்க. சோர்ஸ் கோட் இல்லாத லைப்ரரியை ப்ரொடக்‌ஷன்ல ஏத்தறதுக்கே நம்ம ஆபீஸ்ல மூணு மீட்டிங் வைக்கிறோம். இங்க பூமிக்குள்ள ஏத்தறாங்க.

இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா. ஷேல்ங்கிறது இறுகிப்போன களிமண் பாறை. அதோட நுண்ணிய துளைகள்ல வாயு சிக்கிட்டு இருக்கும், தானா வெளிய வராது. பென்சில்வேனியாவுல மார்செல்லஸ்னு ஒரு படிவம், பல இடங்கள்ல ஒண்ணரை கிலோமீட்டருக்கும் கீழ. மேல இருந்து நேரா துளை போட்டு, கீழ போய் வளைச்சு, படுக்கைவாட்டுல கிலோமீட்டர் கணக்குல பாறைக்குள்ளயே ஓட்டிட்டுப் போவாங்க. அப்புறம் அந்தக் கலவையை பயங்கர அழுத்தத்துல உள்ள விட்டா பாறை விரியும். விரிசல் மூடிக்காம மணல் முட்டுக் கொடுக்கும். வாயு வெளிய வரும். கூடவே விட்ட தண்ணியில ஒரு பகுதியும் திரும்பி வரும். அந்தத் தண்ணிக்கு அப்புறமா வர்றேன்.

"இதெல்லாம் 1940-கள்ல இருந்து பண்றதுதானே"ன்னு அடுத்த வாதம் வரும். ஆமா, 1947-ல கான்சாஸ்ல முதல் சோதனை, 1949-ல வணிக ரீதியா ஆரம்பிச்சாச்சு. ஆனா அது நேர்க்குத்தான கிணத்துல சின்ன அளவுல பண்ணினது. இன்னிக்கு நாம பேசற கதை, டெக்ஸாஸ்ல பார்னெட் ஷேல்ல ஜார்ஜ் மிட்செலோட கம்பெனி 1990-களோட கடைசியில கண்டுபிடிச்ச தண்ணிக் கலவை முறையும், படுக்கைவாட்டுத் துளையும் ஒண்ணா சேர்ந்த பிறகு, 2000-க்கு அப்புறம் வந்தது. ரெண்டுக்கும் ஒரே பேர்ங்கிறதால ரெண்டும் ஒண்ணாயிடாது. மாட்டு வண்டிக்கும் சக்கரம்தான், வால்வோ பஸ்ஸுக்கும் சக்கரம்தான். அதுக்காக மாட்டு வண்டியோட விபத்துக் கணக்கைக் காட்டி வால்வோவுக்கு லைசென்ஸ் கேக்க முடியுமா?

இப்ப முக்கியமான தில்லாலங்கடிக்கு வருவோம். "ஃப்ராக்கிங்கால குடிநீர் கெட்டதா ஒரு நிரூபணமும் இல்ல"ன்னு கம்பெனிகள் ரொம்ப வருஷம் சொல்லிட்டு இருந்தாங்க. இது எப்படி சாத்தியம்னு எனக்கு முதல்ல புரியல. அப்புறம்தான் புரிஞ்சது: அவங்க அகராதியில 'ஃப்ராக்கிங்'னா பாறை விரியற அந்த சில மணி நேரம் மட்டும்தான். துளை போடறது, கேசிங் குழாய் இறக்கறது, சுத்தி சிமெண்ட் பூசறது, கெமிக்கல் லாரி கவுறறது, கழிவுநீர்க் குட்டை ஒழுகறது, இதெல்லாம் ஃப்ராக்கிங் கணக்குலயே வராது. "என் மெஷின்ல ஓடுது, உங்க சர்வர்ல ஓடலைன்னா நான் என்ன பண்றது"ன்னு டெவலப்பர் கைய விரிக்கிற அதே கதை. யூசருக்கு என்ன கவலை, பிரச்சினை கோட்லயா டிப்ளாய்மெண்ட்லயான்னு? குழாயைத் திறந்தா நல்ல தண்ணி வரணும், அவ்வளவுதான்.

பாறை கிலோமீட்டர் ஆழத்துல இருக்கு, அங்க இருந்து விரிசல் மேல வரைக்கும் வராதுங்கிறது பெரும்பாலான இடத்துல நியாயமான வாதம்தான். நான் மறுக்கல. ஆனா அந்த ஆழத்துக்குப் போற துளை, வழியில நிலத்தடி நீரைக் குத்திக்கிட்டுத்தானே போகுது? நடுவுல தடுப்பா இருக்கிறது இரும்புக் குழாயும் அதைச் சுத்தின சிமெண்ட்டும்தான். அந்த சிமெண்ட்ல சின்ன இடைவெளி விழுந்தா வாயு அந்த வழியா மேல ஏறிடும். 2014-ல கார்னெல் பல்கலைக்கழகத்தோட ஆந்தனி இங்ராஃபியா குழு பென்சில்வேனியாவுல 41,000 கிணறுகளோட ஆய்வுப் பதிவுகளை அலசினாங்க. பழைய மாதிரி கிணறுகளைவிட ஷேல் கிணறுகள்லதான் சிமெண்ட், கேசிங் கோளாறு அதிகம்னு வந்துச்சு.

டிமோக் கதை தெரியுமா? பென்சில்வேனியாவோட வடகிழக்குல சஸ்குவெஹன்னா மாவட்டத்துல ஒரு சின்ன ஊர். 2009 ஜனவரி 1, புத்தாண்டு அன்னிக்கு ஒரு வீட்டோட தண்ணிக் கிணறு வெடிச்சு மேல இருந்த கான்கிரீட் மூடி தூள்தூளாச்சு. உள்ள மீத்தேன் சேர்ந்திருந்தது. பக்கத்துல துளை போட்டுட்டு இருந்தது கேபட் ஆயில் அண்ட் கேஸ். மாநில சுற்றுச்சூழல் துறை விசாரிச்சு கேபட்தான் பொறுப்புன்னு சொல்லுச்சு, 2010-ல அந்தப் பகுதியில புதுசா துளை போடத் தடை போட்டுச்சு. கேபட், "மீத்தேன் இங்க இயற்கையாவே இருக்கு"ன்னு நின்னுச்சு. 2012-ல மத்திய சுற்றுச்சூழல் முகமை (இபிஏ) வந்து சோதிச்சுட்டு, மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லன்னு கிளம்பிப் போயிடுச்சு. நாலு வருஷம் கழிச்சு, 2016-ல, இன்னொரு மத்திய அமைப்பு அதே தண்ணி மாதிரிகளோட முடிவுகளை எடுத்துப் பார்த்துட்டு, 64 வீட்டுக் கிணறுகள்ல 27-ல உடம்பைப் பாதிக்கிற அளவுக்கு ஏதாவது ஒரு பொருள் இருந்ததுன்னு சொல்லுச்சு. 17 வீட்டுல மீத்தேன் தீப்பிடிக்கிற, வெடிக்கிற அளவுல. 2020-ல மாநில அட்டர்னி ஜெனரல் ஜோஷ் ஷபிரோ (இப்ப அவர்தான் அங்க ஆளுநர்) கிரிமினல் வழக்கு போட்டார். 2022 நவம்பர்ல கேபட்டோட வாரிசுக் கம்பெனி கோட்டெரா குற்றச்சாட்டை எதிர்க்கல, பொதுக் குடிநீர்க் குழாய் போட 1.6 கோடி டாலருக்கு மேல தர ஒத்துக்கிச்சு. வெடிச்சு கிட்டத்தட்ட 14 வருஷம் கழிச்சு. சரி, கடைசியில நியாயம் கிடைச்சுதேன்னு நினைக்கிறீங்களா? இருங்க. அதே சமயத்துல அந்த 2010 தடையைத் தளர்த்தி, வெளியில இருந்து பக்கவாட்டா அந்த ஊருக்குக் கீழ துளை போட அதே கம்பெனிக்கு அனுமதியும் கிடைச்சுது. இவ்ளோ அழகா யாரும் கமிட் பண்ணிட்டு ரோல்பேக் பண்ண முடியாது.

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடறேன். 'காஸ்லேண்ட்'னு 2010-ல ஜோஷ் ஃபாக்ஸ் எடுத்த ஆவணப்படத்துல குழாய்த் தண்ணியில தீக்குச்சியைக் காட்டினா குபீர்னு பத்திக்கும். பார்த்தவங்க யாரும் அந்தக் காட்சியை மறக்க முடியாது. ஆனா கொலராடோவுல எடுத்த அந்தக் காட்சியில வந்த வாயு இயற்கையா உண்டான மீத்தேன்தான்னு அந்த மாநில ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது. இதைப் பிடிச்சுக்கிட்டு 'மொத்தமும் உடான்ஸ்'னு ஒரு கூட்டம் இன்னிக்கு வரைக்கும் ஓட்டிட்டு இருக்கு. அவங்களுக்கு என் பதில்: படத்தை விடுங்க, ஆய்வைப் பாருங்க. டியூக் பல்கலைக்கழகக்காரங்க 2011-ல வெளியிட்ட ஆய்வுல, கேஸ் கிணத்துல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற வீட்டுக் கிணறுகள்ல மீத்தேன் அளவு சராசரியா 17 மடங்கு. 'சாம்பிள் சின்னது'ன்னு சொன்னாங்க. 2013-ல 141 கிணறுகளை வெச்சுத் திரும்பப் பண்ணினாங்க. ஆறு மடங்கு. 17-ல இருந்து 6 ஆயிடுச்சேன்னு யாராவது நிம்மதிப் பெருமூச்சு விட்டா, அவங்க வீட்டுக்கு என்னைக் கூப்பிட வேணாம்.

இபிஏ பண்ணின கூத்தும் கொஞ்ச நஞ்சமில்ல. 2015 வரைவு அறிக்கையில, குடிநீருக்குப் பரவலான, ஒட்டுமொத்தமான பாதிப்பு எதுவும் காணோம்னு ஒரு வரி. பேப்பர்க்காரங்க அதைத்தான் தலைப்பாப் போட்டாங்க. அவங்களோட அறிவியல் ஆலோசனைக் குழுவே "இந்த வரிக்கு ஆதாரம் எங்கப்பா?"ன்னு கேட்டுச்சு. 2016 டிசம்பர்ல வந்த இறுதி அறிக்கையில அந்த வரி இல்ல. சில சூழ்நிலைகள்ல குடிநீர் பாதிக்கப்படும், பாதிக்கப்பட்டும் இருக்குன்னு மாத்திட்டாங்க. ஆனா வாட்ஸப்ல இன்னும் 2015 வெர்ஷன்தான் சுத்துது.

ஏன் இவ்ளோ வருஷம் தரவே சரியா இல்லைன்னு கேக்கறீங்களா? சட்டம் அப்படி. 2005-ல வந்த எரிசக்திக் கொள்கைச் சட்டத்துல, பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தோட பிடியில இருந்து ஃப்ராக்கிங்குக்கு விலக்கு குடுத்துட்டாங்க. டீசல் கலந்தா மட்டும் விலக்கு இல்ல. இதுக்கு ஊர்ல வெச்ச பேரு 'ஹாலிபர்ட்டன் ஓட்டை'. ஹாலிபர்ட்டன்தான் 1949-லயே இந்தத் தொழிலை ஆரம்பிச்ச கம்பெனி; 2005-ல துணை அதிபரா இருந்த டிக் செனி, 1995-ல இருந்து 2000 வரைக்கும் அந்தக் கம்பெனியோட தலைமை அதிகாரி. மேல நான் எதுவும் சொல்லல :-)

இன்னொண்ணு, இதைக் கேட்டா உங்களுக்கே கோவம் வரும். பென்சில்வேனியா 2012-ல 'ஆக்ட் 13'னு ஒண்ணு போட்டுச்சு. நோயாளி உடம்புல என்ன கெமிக்கல் பட்டுச்சுன்னு டாக்டர் கேட்டா கம்பெனி சொல்லும். ஆனா தொழில் ரகசியம்னா வெளிய சொல்ல மாட்டேன்னு டாக்டர் ஒத்துக்கணும். வைத்தியம் பாக்கறவருக்கே வாய்ப்பூட்டு! 2016-ல மாநில உச்ச நீதிமன்றம் இதைத் தூக்கிப் போட்டுச்சு. நாலு வருஷம் ஆச்சு அதுக்கு.

சரி, அந்தத் திரும்பி வர்ற தண்ணி. மார்செல்லஸ்ல இருந்து வர்றது கடல் தண்ணியைவிடப் பல மடங்கு உப்பு. பாறைக்குள்ள பல கோடி வருஷமா சும்மா கிடந்த ரேடியம் மாதிரி கதிரியக்கப் பொருளும் அதுல கரைஞ்சு வரும். அதாவது நாம சேர்க்கிற அரை சதவீதம் மட்டும் பிரச்சினை இல்ல, பூமி சேர்த்து அனுப்பறதும் இருக்கு. ஐஸ்க்ரீம் கணக்குல அது வர்றதே இல்ல. ஆரம்பத்துல பென்சில்வேனியாவுல இதை எங்க விட்டாங்க தெரியுமா? ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரிக்கிற நிலையங்களுக்கு லாரியில அனுப்பினாங்க. அங்க உப்பையும் ரேடியத்தையும் எடுக்கிற வசதியே கிடையாது. வாங்கி, ஆத்துல விட்டாங்க. அதே ஆத்துல இருந்துதான் கீழ்ப்பக்கத்து ஊர்கள் குடிக்கத் தண்ணி எடுக்குது. 2011-ல 'அனுப்பாதீங்க'ன்னு மாநிலம் கேட்டுக்கிச்சு, 2016-லதான் நாடு முழுக்க விதியா தடை வந்துச்சு.

ஓக்லஹோமாவுல வேற வழி கண்டுபிடிச்சாங்க. எண்ணெய், கேஸ் கிணறுகள்ல வர்ற கழிவுநீரைத் திரும்ப பூமிக்குள்ளயே ஆழமா செலுத்திட்டா? அங்க 2008-க்கு முன்னாடி ரிக்டர் 3-க்கு மேல நிலநடுக்கம் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும். 2015-ல மட்டும் சுமார் 900. 2016 செப்டம்பர்ல பானீங்கிற ஊர்ல 5.8. அப்புறம் செலுத்துற அளவைக் குறைச்சாங்க, நடுக்கமும் குறைஞ்சுது. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும், ஸ்விட்சை அணைச்சா ஃபேன் நிக்குது!

உடல்நலம்னு வந்தா ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கணும். 'பக்கத்துல இருந்தவங்களுக்கு நோய் அதிகம்'னு வர்ற ஆய்வு, 'இதனாலதான் வந்துச்சு'ன்னு நிரூபிக்காது. அதைச் சொல்லிட்டே எண்களைத் தர்றேன். கரி, கிரீன்ஸ்டோன், மெக்கல்னு மூணு பொருளாதார நிபுணர்கள் பென்சில்வேனியாவுல 2004-ல இருந்து 2013 வரை பொறந்த 11 லட்சம் குழந்தைகளோட பதிவுகளைப் பார்த்தாங்க. கிணத்துல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள இருந்த தாய்மார்களுக்கு எடை குறைஞ்ச குழந்தை பொறக்கிற வாய்ப்பு 25 சதவீதம் அதிகம். 3 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் பாதிப்பு தெரியல. இது 2017-ல வந்தது. 2023-ல பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம், மாநில சுகாதாரத் துறை பணத்துல பண்ணின ஆய்வுல, ஒரு மைலுக்குள்ள வாழற குழந்தைகளுக்கு லிம்போமா வர்ற வாய்ப்பு 5-ல இருந்து 7 மடங்கு. அரிதான நோய்தான், மடங்குக் கணக்கு பயமுறுத்தும், உண்மையான எண்ணிக்கை சின்னது. வாயு உற்பத்தி நடக்கிற காலத்துல ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கடுமையான தாக்கு வர்றது 4-ல இருந்து 5 மடங்கு. ஆஸ்துமா அரிதான நோய் இல்ல. குழந்தைகளோட ரத்தப் புற்றுநோய்க்கும் இதுக்கும் தொடர்பு கிடைக்கலைன்னும் அதே ஆய்வு சொல்லுது. 2022-ல வந்த யேல் பல்கலைக்கழக ஆய்வு தொடர்பு இருக்குன்னு சொல்லுது. ஆக, ஆராய்ச்சி இன்னும் முடியல. முடியாத ஆராய்ச்சிக்கு நடுவுல யாரை எலியா வெச்சிருக்காங்கங்கிறதுதான் கேள்வி.

அங்க வேலை பாக்கறவங்களைப் பத்தி யாருமே பேசறதில்ல. முட்டுக் கொடுக்கிற மணல் இருக்கே, அது கிட்டத்தட்ட சுத்தமான சிலிக்கா. டன் கணக்குல கொட்டும்போது கிளம்பற தூசி நுரையீரலுக்குள்ள போனா சிலிக்கோசிஸ். அமெரிக்கத் தொழிலாளர் நல ஆய்வு அமைப்பு 11 இடங்கள்ல எடுத்து 2012-ல வெளியிட்ட 116 காற்று மாதிரிகள்ல கிட்டத்தட்ட பாதி, சட்ட வரம்பைத் தாண்டியிருந்தது. தண்ணியும் மணலும்தானேன்னு சொல்றவங்க அந்த மணலை மட்டும் கொஞ்சம் மூச்சு இழுத்துப் பார்க்கட்டும்.

"நிலக்கரியைவிடத் தேவலையே?" ஆமா, மின்நிலையத்துல எரிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு பாதிதான். அமெரிக்காவோட மின்துறைக் கரியுமிழ்வு இறங்கினதுல கேஸுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா எரியாம கசியற மீத்தேன், 20 வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடை விட 80 மடங்குக்கு மேல சூடேத்தும். 2018-ல வந்த ஆய்வுப்படி உற்பத்தியில 2.3 சதவீதம் வழியிலேயே கசியுது, அரசாங்கக் கணக்கைவிட 60 சதவீதம் அதிகம். லாபத்துல பெரும்பகுதி அங்கேயே போயிடுது.

நியூயார்க் மாநிலத்துக்கும் கீழ இதே மார்செல்லஸ் பாறைதான் ஓடுது. 2014 டிசம்பர்ல அங்க சுகாதார ஆணையர் ஹோவர்ட் சக்கர், இருக்கிற ஆதாரங்களைப் பார்த்தா அப்படிப்பட்ட ஊர்ல நான் குடியிருக்க மாட்டேன்னு சொன்னார், மாநிலம் தடை போட்டுச்சு, 2020-ல அது சட்டமாவே ஆச்சு. பிரான்ஸ் 2011-லயே தடை. இங்கிலாந்துல லங்காஷயர்ல 2019 ஆகஸ்ட்ல 2.9 அளவுக்கு நடுங்கினதும் அந்த நவம்பர்ல நிறுத்தினாங்க. 2022-ல லிஸ் டிரஸ் வந்து திறந்தார், அவர் போனதும் ரிஷி சுனக் மூடினார்.

"இதெல்லாம் அமெரிக்கா கதை, உனக்கென்ன?"ன்னு கேப்பீங்க. 2013-ல அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் இந்தியாவுல ஷேல் கேஸ் எங்க இருக்குன்னு மதிப்பிட்ட நாலு படுகைகள்ல ஒண்ணு காவிரி. அதே வருஷம் அக்டோபர்ல நம்ம மத்திய அரசு ஓஎன்ஜிசிக்கும் ஆயில் இந்தியாவுக்கும் ஷேல் தேட அனுமதி குடுத்துச்சு. 2016-ல வந்த புது உரிமக் கொள்கையில இன்னும் வசதி. ஒரே லைசென்ஸ், அதுல சாதா எண்ணெய், கேஸ், நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எல்லாம் அடக்கம். ஃபுல் மீல்ஸ் டோக்கன். ஊர்ல வந்து 'சாதாரண கேஸ்தாங்க'ன்னு சொல்லிட்டுத் துளை போட்டா, நாளைக்கு அதே லைசென்ஸ்ல என்ன வேணாலும் பரிமாறலாம்.

(மன்னார்குடியில 2010-ல ஒப்பந்தம் போட்டது நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு, ஷேலுக்கு இல்ல. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க வேணாம். அதுல நிலத்தடி நீரை வெளிய இறைச்சுக் கொட்டினாத்தான் வாயு வரும். அதுக்கு எதிரா ஊர் ஊரா நடந்த நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30-ல பட்டுக்கோட்டை பக்கத்துல அத்திவெட்டியில, அந்தப் போராட்டத்துக்கு நடுவுலயே காலமானார்.)

டிமோக் இருக்கிற சஸ்குவெஹன்னா மாவட்டத்தையும் நம்ம திருவாரூர் மாவட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. பரப்பளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான். அங்க ஜனத்தொகை 38 ஆயிரம் சொச்சம், 2020 கணக்கு. இங்க 12 லட்சத்து 64 ஆயிரம், 2011 கணக்கு. சதுர கிலோமீட்டருக்கு அங்க 18 பேர், இங்க 533 பேர். மேல சொன்ன ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப வந்த 'ஒரு கிலோமீட்டருக்குள்ள'ங்கிற வட்டத்தைப் போடுங்க. பரப்பு 3.14 சதுர கிலோமீட்டர். அங்க அந்த வட்டத்துக்குள்ள வர்றது ஒரு அம்பத்தேழு பேர். இங்க 1,670 பேர். ஒரே ஒரு கிணத்துக்கு. கூடவே வயலு, வாய்க்கா, வீட்டுக்கு வீடு கைப்பம்பு, மேட்டூர் திறக்கிற ஜூன் 12-க்குக் காத்திருக்கிற குறுவை. இதுக்கு நடுவுல 1,250 லோடு தண்ணியை எந்த வாய்க்கால்ல இருந்து எடுப்பாங்க, உப்பும் ரேடியமும் கலந்து வர்றதை எந்த ஆத்துல விடுவாங்க?

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. பென்சில்வேனியா விவசாயிக்கு நிலத்தடிக் கனிமம் சொந்தம்னா குறைஞ்சது எட்டுல ஒரு பங்கு ராயல்டி உண்டு. அதனாலதான் அங்க பாதி ஊர் ஆதரவு. நம்ம ஊர்ல ராயல்டி அரசாங்கத்துக்கு. நிலத்துக்காரருக்கு மேல்மண்ணுக்கு மட்டும் வாடகையோ இழப்பீடோ. பணம் அங்க போகும், கிணறு இங்க இருக்கும்.

2020 பிப்ரவரியில வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துல ஷேல் கேஸ்னு பேர் சொல்லியே தடை இருக்கு. நல்ல விஷயம், மனசாரப் பாராட்டறேன். ஆனா படிச்சுப் பார்த்தீங்கன்னா, ஏற்கெனவே நடக்கிற திட்டங்களைச் சட்டம் தொடாதுன்னும் எழுதியிருக்கு. தஞ்சை, திருவாரூர், நாகை முழுசா உள்ள வந்துச்சு, கடலூர்லயும் புதுக்கோட்டையிலயும் சில ஒன்றியங்கள் வந்துச்சு. முதல்ல அறிவிச்சப்போ பேர் இருந்த திருச்சி, அரியலூர், கரூர் பகுதிகள் சட்டத்துல காணாம போச்சு. காவிரிப் படுகைப் பாறை ஒன்றிய எல்லை பார்த்து நிக்கறதில்ல.

அதனால, உங்க ஊருக்கு யாராவது ஜீப்ல வந்து இறங்கினா ஐஸ்க்ரீம் கதை கேட்டுட்டு நிக்காதீங்க. துளை போடறதுக்கு முன்னாடி என் கிணத்துத் தண்ணியை வெளி லேப்ல சோதிச்சு, ரிப்போர்ட்டை என் கையில குடுப்பியான்னு கேளுங்க. டிமோக் மக்கள்கிட்ட அந்த ஒரு பேப்பர் இல்லாம போனதுதான், 'மீத்தேன் முன்னாடியே இருந்துச்சு'ன்னு கம்பெனி அத்தனை வருஷம் பேசறதுக்கு வசதியா இருந்துச்சு.

பி.கு: நம்ம ரிலையன்ஸ் 2010-ல இதே மார்செல்லஸ்ல 170 கோடி டாலருக்குப் பங்கு வாங்குச்சு. 2021-ல அமெரிக்க ஷேல் தொழிலை விட்டே மொத்தமா வெளிய வந்தாச்சு. கம்பெனிக்கு வெளிய வர பதினோரு வருஷம் போதுமா இருந்துச்சு. கிணத்துத் தண்ணி குடிக்கிறவனுக்கு அந்த வசதி இல்ல.